கடைக்குக் கடை கண்ணுக்குத் தெரியாத சுரங்கம்!

மதுரைக் கடையின் கணக்கைத் திண்டுக்கல்லில் இருந்து பார்ப்பது எப்படி? நடு வழியில் திருடன் கை வைக்காமல் காப்பது எப்படி?

அமெரிக்காவில் "கலோனியல் பைப்லைன்" என்று ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனி இருக்கிறது.

பெட்ரோல், டீசல், விமான எண்ணெய் ஆகியவற்றைக் குழாய் வழியாக ஊர் ஊராக அனுப்புவதுதான் அதன் தொழில். டெக்சாஸ் மாநிலத்தில் தொடங்கி நியூயார்க் வரை போகும் அந்தக் குழாய்களின் நீளம் சுமார் 8,850 கிலோ மீட்டர். கன்னியாகுமரியில் இருந்து காஷ்மீருக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு தூரம் ஆகாது!

2021-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி. விடியற்காலை 5 மணி ஆகப்போகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஊழியர் ஒருவர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். திடுக்கிட்டார்.

திரையில் ஒரு மிரட்டல் கடிதம்! "உங்கள் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டோம். பணம் கொடுத்தால்தான் திறப்போம்" என்பது அதன் சாரம்.

சிறிது நேரத்தில் குழாய் முழுவதும் நிறுத்தப்பட்டது. மறுநாள், கம்பெனி கொள்ளையருக்குக் கப்பம் கட்டியது. எவ்வளவு தெரியுமா? 75 பிட்காயின். அன்றைய மதிப்பில் சுமார் 44 லட்சம் டாலர்! மே 12-ந் தேதிதான் எண்ணெய் மறுபடியும் ஓடத் தொடங்கியது. அதற்குள் பல ஊர்களில் பெட்ரோல் பங்குகள் வறண்டன. மக்கள் கார்களோடு வரிசையில் நின்றார்கள்.

இத்தனை பெரிய கோட்டைக்குள் கொள்ளையர் எப்படி நுழைந்தார்கள்? சுவரை இடிக்கவில்லை. ஒரு பழைய சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள்!

அந்தச் சாவியின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? ஊருக்கு ஒரு கடை வைத்திருக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தக் கதை தேவை. ஏன் என்று பார்ப்போம்.

சரக்கு இருந்தது, செய்தி இல்லை!

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கு எவர்சில்வர், பித்தளைப் பாத்திர வியாபாரம். மதுரையில் பெரிய கடை. அதை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். திண்டுக்கல்லில் கிளைக் கடை. அது தம்பியின் பொறுப்பு. விருதுநகரில் கிடங்கு. அங்கே மைத்துனர் இருக்கிறார்.

மூன்று இடத்திலும் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆனால் மூன்றும் தனித்தனித் தீவு. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம். திண்டுக்கல் கடைக்கு ஒரு தாயும் மகளும் வருகிறார்கள். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்க வேண்டும். பெரிய அளவில் ஒரு ஜோடிக் குத்துவிளக்கு வேண்டும் என்கிறார்கள். கடையில் அந்த அளவு இல்லை.

தம்பி உடனே மதுரைக்கு டெலிபோன் செய்கிறார்.

"அண்ணே, மூணடிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி இருக்கா?"

"இங்கே இல்லையேப்பா. கிடங்குல இருக்கான்னு மாப்பிள்ளையைக் கேட்டுச் சொல்றேன். அவங்களைக் கொஞ்சம் உட்காரச் சொல்லு."

மைத்துனர் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார். மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. அரை மணி நேரம் ஆகிறது. தாயும் மகளும் எழுந்து வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். குத்துவிளக்கு மட்டும் அல்ல, சீர் முழுவதையுமே அங்கே வாங்கிவிடுகிறார்கள்.

இரவில் கணக்குப் பார்க்கிறபோது தெரிகிறது. கிடங்கில் அதே விளக்கு நான்கு ஜோடி இருக்கிறது!

மூன்று கம்ப்யூட்டரும் ஒன்றாக இணைந்திருந்தால்? தம்பி ஒரு பொத்தானைத் தட்டியிருப்பார். "கிடங்கில் 4 ஜோடி" என்று திரையில் வந்திருக்கும். "நாளைக் காலையில் வந்துவிடும் அம்மா" என்று சொல்லி முன்பணம் வாங்கியிருப்பார்.

இதற்காகத்தான் கடைகளை இணைக்க வேண்டும் என்கிறோம்.

டிரங்க் கால் காலம்

அந்தக் காலத்தில் இது பெரும்பாடு. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் "டிரங்க் கால்" பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நாமே எண்ணைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. வசதி 1960-ம் ஆண்டில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக வந்தது. பிறகுதான் மற்ற ஊர்களுக்குப் பரவியது.

கம்ப்யூட்டர்கள் வந்த பிறகு, பாங்குகளும் பெரிய கம்பெனிகளும் ஒரு வழி கண்டன. இரண்டு ஊர்களுக்கும் நடுவே தங்களுக்கு மட்டும் என்று ஒரு தனிக் கம்பியை வாடகைக்கு எடுத்தார்கள். அதில் வேறு யாரும் பேச முடியாது. பத்திரமான வழிதான். ஆனால் வாடகை அதிகம். தூரம் கூடக்கூட வாடகையும் கூடும். பாத்திரக் கடைக்காரருக்கு அது கட்டுபடியாகுமா?

1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வசதி தொடங்கியது. இன்று சின்ன ஊரிலும் இன்டர்நெட் கம்பி கடைக்குள் வந்துவிட்டது. மாத வாடகையும் ஒரு குடும்பம் தாங்கக்கூடியதுதான்.

தனிக் கம்பி என்பது நமக்கென்று நாமே போட்ட ரோடு. இன்டர்நெட் என்பது ஊருக்கெல்லாம் பொதுவான ரோடு. செலவு குறைவு. ஆனால் அதில் நல்லவனும் போவான், திருடனும் போவான்.

தெருக் கதவைத் திறந்து வைக்கலாமா?

தம்பி ஒரு கம்ப்யூட்டர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்கிறார்:-

"இது ஒரு பெரிய விஷயமே இல்லை, சார். மதுரைக் கடை ரவுட்டரில் ஒரு கதவைத் திறந்து விடுகிறேன். திண்டுக்கல்லில் இருந்து நீங்கள் நேரே உள்ளே போய்விடலாம். 10 நிமிட வேலை!"

ரவுட்டர் என்பது இன்டர்நெட் கம்பி வந்து சேரும் சிறிய பெட்டி. கடைக்கு வாசல்படி மாதிரி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் கதவுகள் உண்டு. ஒன்று இரண்டு அல்ல, 65 ஆயிரத்துக்கும் மேலே! ஒவ்வொரு கதவுக்கும் ஒரு நம்பர். தூரத்தில் இருந்தபடியே ஒரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் "ரிமோட் டெஸ்க்டாப்" என்ற வசதிக்கு உரிய கதவின் நம்பர் 3389.

அந்தக் கதவை இன்டர்நெட் பக்கமாகத் திறந்து வைத்தால் தம்பி உள்ளே வரலாம். உண்மைதான். ஆனால் உலகத்தில் உள்ள எவனும் வந்து அந்தக் கதவைத் தட்டலாம்!

"நம் கடை இருக்கும் இடம் எவனுக்குத் தெரியப்போகிறது?" என்று நினைக்காதீர்கள். 2013-ம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் "இசட்மேப்" என்ற ஒரு புரோகிராமை எழுதினார்கள். இன்டர்நெட்டில் அன்று வழக்கத்தில் இருந்த முகவரிகள் எல்லாவற்றிலும் ஒரு குறிப்பிட்ட கதவைத் தட்டிப் பார்க்க அதற்கு எவ்வளவு நேரம் பிடித்தது? 45 நிமிடத்துக்கும் குறைவு! அதுவும் ஒரே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டு!

திருடர்களிடமும் இதுபோன்ற புரோகிராம்கள் இருக்கின்றன. அவை இரவும் பகலும் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. பெரிய கடை, சின்னக் கடை என்று அவை பார்ப்பது இல்லை. திறந்த கதவு எது என்று மட்டும்தான் பார்க்கின்றன.

அழ வைத்த "வான்னாக்ரை"

2017-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி நடந்ததை நினைத்துப் பாருங்கள். "வான்னாக்ரை" என்ற நாசகாரப் புரோகிராம் அன்று உலகத்தை ஆட்டிப் படைத்தது. "அழ வேண்டுமா?" என்று கேட்பது போன்ற பெயர். பலரை உண்மையாகவே அழ வைத்துவிட்டது!

சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் அதற்குப் பலியாயின. கோப்புகள் எல்லாம் பூட்டப்பட்டன. திறந்துவிட 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் திணறின. ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த நேரங்கள் ரத்தாயின.

அது நுழைந்த வழி 445-ம் நம்பர் கதவு. ஓர் ஆபீசுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் கதவு அது. அதில் ஓர் ஓட்டை இருந்தது. அதை அடைக்கும் மருந்தை மைக்ரோசாப்ட் கம்பெனி இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, வெளியிட்டிருந்தது. மருந்தைப் போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்து வாலிபர் அந்தப் புரோகிராமை ஆராய்ந்தார். அது ஏதோ ஓர் இன்டர்நெட் முகவரியைத் தேடுவதைக் கண்டார். அந்த முகவரியை சுமார் 10 டாலர் கொடுத்துத் தம் பெயரில் பதிவு செய்தார். அவ்வளவுதான், அது பரவுவது நின்றது! அந்த முகவரி உயிரோடு இருந்தால் ஓய்ந்துவிடும்படி அது எழுதப்பட்டிருந்தது. எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் வந்து கை கொடுக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்க முடியாது அல்லவா?

சுரங்கம் என்றால் என்ன?

அப்படியானால் வழி என்ன? பொது ரோட்டின் மேலேயே நமக்கு மட்டும் ஒரு சுரங்கம் அமைத்துக்கொள்வதுதான் வழி. அதற்குப் பெயர் "வி.பி.என்." "விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க்" என்பதன் சுருக்கம் அது. தமிழில் சொன்னால், தனிக் கம்பி இல்லாமலே தனிக் கம்பி போட்டது போன்ற வலை!

மண்ணைத் தோண்டும் சுரங்கம் அல்ல இது. கணக்கினால் கட்டப்பட்ட சுரங்கம். அது வேலை செய்யும் விதத்தை ஒரு தபாலை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

திண்டுக்கல் கம்ப்யூட்டர் "குத்துவிளக்கு இருக்கிறதா?" என்று கேட்கிறது. ரவுட்டர் அந்தச் செய்தியை எடுத்து, யாருக்கும் புரியாத எழுத்தாக மாற்றுகிறது. பிறகு அதை ஒரு கனத்த உறைக்குள் போட்டு ஒட்டுகிறது. உறையின் மேலே, "மதுரைக் கடை ரவுட்டருக்கு" என்ற முகவரி மட்டும் இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது, எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பது வெளியே தெரியாது.

மதுரை ரவுட்டர் அந்த உறையைப் பிரிக்கிறது. புரியாத எழுத்தைப் பழையபடி மாற்றுகிறது. நடு வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றியிருந்தாலும் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட உறையைத் தூக்கி எறிந்துவிடும்!

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது. செய்தி சென்னையைச் சுற்றிக்கொண்டு மதுரைக்குப் போனாலும் கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

திறந்த பூட்டின் அதிசயம்

இங்கே ஒரு கேள்வி. புரியாத எழுத்தாக மாற்றுவதற்கு ஒரு ரகசியச் சாவி வேண்டும். திரும்பப் படிக்க மறு கடைக்கும் சாவி வேண்டும். அந்தச் சாவியை எப்படி அனுப்புவது? பொது ரோட்டில் அனுப்பினால் திருடன் பார்த்துவிட மாட்டானா?

பல நூறு ஆண்டுகளாக அரசர்களையும் சேனாதிபதிகளையும் குழப்பிய கேள்வி இது. 1976-ம் ஆண்டில், விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டில் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்ற மூவர் அதே பாதையில் இன்னொரு கணக்கு முறையைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தத் தந்திரத்தை இப்படிச் சொல்லலாம்:-

அண்ணன், தம்பிக்குச் சாவியை அனுப்பவில்லை. ஒரு திறந்த பூட்டை அனுப்புகிறார். சாவி அண்ணனின் மடியிலேயே இருக்கிறது. தம்பி, செய்தியை ஒரு பெட்டியில் வைத்து அந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டி அனுப்புகிறார். பூட்டியபின் தம்பியாலும் அதைத் திறக்க முடியாது! அண்ணனிடம் இருக்கும் சாவியால் மட்டுமே திறக்கலாம். திறந்த பூட்டை வழியில் திருடன் பார்த்தால் என்ன? பார்க்கட்டும். பூட்டத்தான் அது உதவும், திறக்க உதவாது.

இந்த முறையில் முதலில் ஒரு ரகசியச் சாவியைப் பேசி முடித்துக்கொண்டு, பிறகு அந்தச் சாவியால் மற்றச் செய்திகளை வேகமாகப் பூட்டி அனுப்புகிறார்கள். இப்போது பழக்கத்தில் உள்ள பெரிய சாவிகளில், எத்தனை விதமான சாவிகள் இருக்கக்கூடும் என்று எண்ணினால், அந்த எண்ணிக்கையை எழுதவே 78 இலக்கம் வேண்டும்! ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத் திறப்பது மனிதனால் ஆகாத காரியம்.

பயணி எழுதிய புரோகிராம்

இந்தச் சுரங்கத்தைக் கட்டும் புரோகிராம்கள் பல உண்டு. 2001-ம் ஆண்டில் ஜேம்ஸ் யோனான் என்ற அமெரிக்கர் மத்திய ஆசியாவில் பிரயாணம் செய்தபடியே தம் வேலையைப் பார்த்துவந்தார். போகிற ஊரில் கிடைத்த இன்டர்நெட்டின் வழியாகத்தான் ஆபீசோடு இணைய வேண்டும். நடுவில் யார் ஒட்டுக் கேட்கிறார்களோ என்ற கவலை அவருக்கு ஏற்பட்டது. தாமே ஒரு சுரங்கப் புரோகிராமை எழுதினார். அதுதான் "ஓபன்வி.பி.என்."

பிறகு ஜேசன் டோனன்பெல்டு என்பவர் "வயர்கார்டு" என்ற புரோகிராமை எழுதினார். 2020-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அது லினக்ஸ் என்ற இயக்கப் புரோகிராமிலேயே சேர்க்கப்பட்டது. இந்த இரண்டையும் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம்.

"பி.பி.டி.பி." என்று ஒரு பழைய முறையும் உண்டு. 1990-களில் வந்தது. அதன் பூட்டு உடைந்துவிட்டது. உங்கள் மெக்கானிக் அதை வைத்துத் தருகிறேன் என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். "வி.பி.என். வாங்கினால் வெளிநாட்டுப் படம் பார்க்கலாம்" என்று வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது வேறு. அதில் நம் செய்தி வேறொரு கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாக வெளியே போகிறது. நாம் பேசுவது, நம் கடைக்கும் நம் கடைக்கும் நடுவே நாமே அமைத்துக்கொள்ளும் சுரங்கம்.

இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண்ணா?

சுரங்கம் அமைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு.

கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு ரவுட்டர் எண்கள் கொடுக்கிறது. பெரும்பாலும் அவை 192.168 என்று தொடங்கும். உலகத்தில் எந்த வீட்டிலும், எந்தக் கடையிலும் உள்ளுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று 1996-ம் ஆண்டில் விதி செய்து ஒதுக்கப்பட்ட எண்கள் இவை.

ஏன் அப்படி ஒதுக்கினார்கள்? பழைய முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலக மக்கள்தொகையைவிடக் குறைவு! பொது இருப்பில் கடைசியாக இருந்த முகவரிகளும் 2011-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பங்கிடப்பட்டுவிட்டன. ஆகவே தெருவுக்கு ஒரு முகவரி, வீட்டுக்குள்ளே வேறு எண்கள் என்று சமாளிக்கிறார்கள்.

மதுரைக் கடையிலும் 192.168.1, திண்டுக்கல் கடையிலும் 192.168.1 என்று இருந்தால் என்ன ஆகும்? செய்தி எங்கே போவது என்று தெரியாமல் விழிக்கும். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? ஆகவே, மதுரைக்கு 192.168.10, திண்டுக்கல்லுக்கு 192.168.20, விருதுநகருக்கு 192.168.30 என்று முதலிலேயே வேறு வேறாக வைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால் பின்னால் எல்லாவற்றையும் கலைத்து வைக்க நேரும்.

மற்றொரு தடை:- சில இன்டர்நெட் கம்பெனிகள் பல வாடிக்கைக்காரர்களுக்குச் சேர்த்து ஒரே முகவரியைக் கொடுக்கின்றன. அப்படி இருந்தால் வெளியே இருந்து நம் ரவுட்டரைக் கூப்பிட முடியாது. ஒரு கடைக்காவது மாறாத தனி முகவரி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. கிடைக்காவிட்டால், வெளியே ஒரு சிறிய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து, மூன்று கடையும் அங்கே வந்து சந்திக்கும்படி செய்யலாம்.

கணக்குப் புத்தகத்தை இழுக்காதீர்கள்

சுரங்கம் போட்டாகிவிட்டது. தம்பி ஆசையோடு பில் போடும் புரோகிராமைத் திறக்கிறார். ஆமை வேகத்தில் நகருகிறது!

காரணம் என்ன? சில பில் புரோகிராம்கள் கணக்குக் கோப்பு பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். ஒரு வரியைப் பார்க்கப் பெரிய பேரேட்டையே மதுரையில் இருந்து திண்டுக்கல்லுக்கு இழுக்கும். நடுவில் கம்பி அறுந்தால் கணக்கே கெட்டுப் போகலாம்.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, மதுரைக் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கட்டும்; அதன் திரை மட்டும் சுரங்கத்தின் வழியாகத் திண்டுக்கல்லில் தெரியட்டும். மற்றொன்று, அந்தந்தக் கடை தன் பில்லைத் தானே போடட்டும். அவ்வப்போது மூன்று கணக்கும் தாமே ஒத்துப் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டாவது வழியில் கரண்டு போனாலும், கம்பி அறுந்தாலும் வியாபாரம் நிற்காது. புரோகிராம் வாங்குவதற்கு முன்பே, "இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டுவிடுங்கள்.

பழைய சாவியின் கதை

இப்போது அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிக்குத் திரும்புவோம்.

அந்தக் கம்பெனியிலும் சுரங்கம் இருந்தது! ஊழியர்கள் வெளியூரில் இருந்து உள்ளே வருவதற்கு வி.பி.என். வைத்திருந்தார்கள். அதில் யாரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணக்கு இருந்தது. ஆனால் அதை ரத்து செய்யவில்லை. அதன் கடவுச்சொல் போட்டால் கதவு திறந்தது. அந்தக் கடவுச்சொல் கொள்ளையர் கைக்குப் போயிருந்தது.

கம்பெனியின் தலைவர் ஜோசப் பிளவுன்ட், 2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி அமெரிக்க செனட் சபையின் கமிட்டி முன்பு சாட்சியம் அளித்தார். அந்தக் கடவுச்சொல் சுலபமாக ஊகிக்கக்கூடியது அல்ல, சிக்கலானதுதான் என்று அவர் கூறினார். ஆனால் அந்த வழிக்கு இரண்டாவது பூட்டு இல்லை. செல்போனுக்கு வரும் ரகசிய எண் போன்ற இன்னொரு சோதனை இல்லை.

கட்டிய கப்பத்தில் 63.7 பிட்காயினை அமெரிக்க போலீசார் மீட்டார்கள். ஆனால் குழாய் நின்ற நாட்களை யார் மீட்பது?

சுரங்கம் உடையவில்லை. கணக்கு தோற்கவில்லை. சாவியை எண்ணி வைக்காததுதான் குற்றம்.

நம் வீட்டில் என்ன செய்கிறோம்? கடைப் பையன் வேலையை விட்டு நின்றால், கொத்துச் சாவியை முதலில் வாங்கிக்கொள்கிறோம். கம்ப்யூட்டர் சாவியை மட்டும் மறந்துவிடுகிறோம்! அது கண்ணுக்குத் தெரியாத சாவி. இடுப்பில் தொங்குவது இல்லை. அதனால்தான் மறக்கிறது.

வீட்டில் எழுதி ஒட்டுங்கள்

கடை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவைதான்:-

1. கம்ப்யூட்டரின் கதவை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்காதீர்கள். சுரங்கத்தின் வழியாகவே வாருங்கள்.

2. ஆளுக்கு ஒரு சாவி கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம். யார் யாரிடம் சாவி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

3. ஒருவர் வேலையை விட்டுப் போனால், அன்றைக்கே அவர் சாவியை ரத்து செய்யுங்கள். சாவி இருந்த செல்போன் தொலைந்தாலும் அப்படியே.

4. கடவுச்சொல்லோடு நிற்காமல் இரண்டாவது பூட்டும் போடுங்கள்.

5. சுரங்கத்தின் வழியாக நோயும் வரும். ஒரு கடைக் கம்ப்யூட்டர் கெட்டால் மற்றக் கடைக்கும் பரவலாம். ஆகவே, பில் போடும் கம்ப்யூட்டரை மட்டும் இணையுங்கள். பிள்ளைகள் விளையாடும் கம்ப்யூட்டரைச் சேர்க்காதீர்கள்.

6. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் வரும் புதுத் திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்கள்.

7. கணக்கின் நகல் ஒன்றைத் தனியே எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றி, வேறு இடத்தில் வையுங்கள். கொள்ளையன் எல்லாவற்றையும் பூட்டிவிட்டாலும் அது ஒன்று மிஞ்சும்.

கம்ப்யூட்டர் வழியாகப் பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

நம் பாத்திரக் கடைக் குடும்பம் சுரங்கம் அமைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த முகூர்த்தத்துக்கு வேறொரு தாயும் மகளும் திண்டுக்கல் கடைக்கு வருகிறார்கள். தம்பி திரையைப் பார்க்கிறார்.

"இருக்கும்மா, நாலு ஜோடி இருக்கு. நாளைக்குக் காலையிலே உங்க வீட்டுக்கே வந்துடும். மத்தச் சாமானெல்லாம் பாருங்க!"

இரவு கடையைச் சாத்துகிறார்கள். அண்ணன் ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறார். வழக்கப்படி பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு கல்லாப் பெட்டியில் இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, சாவி வைத்திருப்பவர்களின் பெயரை ஒரு முறை படித்துப் பார்க்கிறார். போன வாரம் வேலையை விட்டு நின்ற பையனின் பெயர் அடிக்கப்பட்டிருக்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் அவர் வீட்டுக்குக் கிளம்புகிறார்.